தீபத்தை ஏற்றுவது யார்?

தொழில்நுட்ப உரைநடை என்றதும் கணினிக் கையேடும் இயந்திர விளக்கப் புத்தகமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். வட்டம் அதைவிடப் பெரியது. படித்து முடித்தவர் ஒரு காரியத்தைச் செய்ய வேண்டும், அல்லது ஒன்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதற்காக எழுதப்படும் எல்லாமே அதற்குள் வரும். திருவண்ணாமலையில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. கிரிவலப் பாதைக்கு வழி சொல்லும் கையடக்கப் புத்தகம், போர்வெல் மோட்டாரோடு வரும் தாள், மல்லாட்டைக்கு (வேர்க்கடலைக்கு) தெளிக்கும் மருந்தின் லேபிள், சாத்தனூர் அணை திறக்கும்போது வரும் அறிவிப்பு, கோயில் சுவரில் வெட்டிய தானக் கல்வெட்டு எல்லாம் இந்த வகைதான். இவற்றில் வாக்கியம் குழம்பினால் படிப்பவருக்கு ரசனைக் குறைவு மட்டும் ஏற்படுவதில்லை. வழி தவறும், பயிர் கருகும், சில நேரம் உயிரே போகும்.

தமிழ் வாக்கியத்தின் அமைப்பிலேயே ஒரு சுமை இருக்கிறது. வினை கடைசியில் வருகிறது. ஒரு பெயரை விளக்கும் அடைகள் எல்லாம் அந்தப் பெயருக்கு முன்னால் வருகின்றன. எப்போது, எங்கே, எதை, எதனால் என்ற அத்தனையையும் படிப்பவர் மனத்தில் ஏந்திக்கொண்டே போய், வாக்கியம் முடியும் இடத்தில்தான் என்ன நடந்தது என்று அறிகிறார். பேச்சில் இது தொல்லை தருவதில்லை. குரலும் நிறுத்தமும் கை கொடுக்கும். எழுத்தில் எழுவாய் ஒரு கரையிலும் பயனிலை மறுகரையிலும் நின்றுவிட்டால் படிப்பவர் நடு ஆற்றில் தவிப்பார்.

ஒரு மாதிரி வாக்கியத்தைப் பார்க்கலாம். இந்த நடையில் எழுதிய பக்கங்களைத் தமிழ் படிக்கும் எல்லோரும் கடந்துதான் வந்திருப்பார்கள்:

“கார்த்திகை மாதத்தில் நடைபெறுகின்ற தீபத் திருவிழாவின் பத்தாம் நாளன்று மாலை 6 மணியளவில் 2668 அடி உயரம் கொண்ட மலையின் உச்சியின் மீது வைக்கப்பட்டிருக்கும் கொப்பரையில் நெய் ஊற்றப்பட்டு திரி இடப்பட்டு மகா தீபமானது ஏற்றப்படுவது வழக்கமாக இருந்து வருகிறது என்பது குறிப்பிடத்தக்கதாகும்.”

இதில் பிழையான தகவல் ஏதும் இல்லை. முதலில் வாலை வெட்டலாம். “என்பது குறிப்பிடத்தக்கதாகும்” போனால் ஒன்றும் குறையாது. குறிப்பிடத் தக்கது என்பதால்தானே எழுதினார்கள்? “வழக்கமாக இருந்து வருகிறது” என்பதையும் எடுக்கலாம். ஆண்டுதோறும் நடக்கும் விழா என்பது “கார்த்திகை”யிலேயே அடங்கிவிட்டது. “தீபமானது” என்பதில் “ஆனது” வெறும் கனம். “உயரம் கொண்ட”, “உச்சியின் மீது வைக்கப்பட்டிருக்கும்” ஆகியவை “உயர”, “உச்சியில்” என்று சுருங்கும். இவ்வளவையும் வெட்டிய பிறகுதான் ஓர் ஓட்டை கண்ணில் படுகிறது. தீபத்தை ஏற்றுவது யார்?

ஊற்றப்பட்டு, இடப்பட்டு, ஏற்றப்படுவது என்று மூன்று “படு” வரிசையாக வந்ததால் ஆள் மறைந்துபோனார். மகா தீபத்தை ஏற்றும் உரிமை வழிவழியாகப் பர்வதராஜ குலத்தாருக்கு உரியது. விழாவைப் பற்றிய விளக்கத்தில் அதைவிட முக்கியமான தகவல் அதிகம் இல்லை. “6 மணியளவில்” என்பதும் அரைகுறைதான். கடிகாரத்தைவிட ஒரு நிகழ்ச்சியே அங்கே அடையாளம். ஆண்டுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் மட்டும் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து காட்சி தருவார். கொடிமரத்தருகே அகண்ட தீபம் ஏற்றுவார்கள். உடனே மலையில் தீபம் தெரியும். இவற்றைச் சேர்த்துத் திருப்பி எழுதினால்:

“கார்த்திகைத் தீபத் திருவிழாவின் பத்தாம் நாள் மாலை கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் காட்சி தருகிறார். கொடிமரத்தருகே அகண்ட தீபம் ஏற்றுகிறார்கள். அந்த நேரத்திலேயே, ஏறக்குறைய 6 மணிக்கு, 2668 அடி உயர மலையுச்சியில் உள்ள கொப்பரையில் பர்வதராஜ குலத்தார் மகா தீபத்தை ஏற்றுகிறார்கள். எரிவது நெய், திரி காடாத் துணி.”

நீளம் ஏறக்குறைய பழைய வாக்கியத்தின் நீளம்தான். செய்தி மட்டும் கூடியிருக்கிறது. சுருக்கம் என்பதைச் சொற்களின் எண்ணிக்கையாகப் பார்ப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். வெற்றுச் சொற்கள் இடத்தை அடைப்பதோடு நிற்பதில்லை, எழுதியவருக்கே தெரியாத இடைவெளிகளை மூடியும் வைக்கின்றன.

“படு” வினையை அடியோடு ஒதுக்க வேண்டும் என்றில்லை. செய்தவர் யார் என்பது படிப்பவருக்குத் தேவையில்லாத இடத்தில் அது பொருந்தும். “நூல் 1923இல் அச்சிடப்பட்டது” என்ற வாக்கியத்தில் அச்சுக் கோத்தவரை யாரும் தேடப்போவதில்லை. ஆபத்தானது அதன் உறவுக்காரச் சொல்லான “மேற்கொள்ளப்பட்டது”. சோதித்தார்கள் என்பது “சோதனை மேற்கொள்ளப்பட்டது” ஆகிறது. பழுது பார்த்தார்கள் என்பது “பழுதுநீக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது” ஆகிறது. நல்ல வினை ஒன்றைப் பெயராக்கி, அதன் இடத்தில் வேலை செய்யாத வினை ஒன்றை உட்கார வைக்கும் பழக்கம் இது. அலுவலகத் தமிழில் இது நோய் என்றே சொல்லலாம்.

இந்தக் குற்றங்களுக்கெல்லாம் தமிழில் எப்போதோ பெயர் வைத்தாகிவிட்டது. 13ஆம் நூற்றாண்டை ஒட்டி, சீயகங்கன் என்ற கங்க மரபுச் சிற்றரசன் கேட்டுக்கொண்டதற்கு இணங்கப் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். இலக்கணத்துக்குள் நுழையும் முன்பு, பாயிரத்தில், ஒரு நூல் எப்படி இருக்க வேண்டும் என்று வகுத்துவிடுகிறார். பத்துக் குற்றம், பத்து அழகு, முப்பத்திரண்டு உத்தி என்பது கணக்கு. அவருக்கு முன்பே தொல்காப்பிய மரபியலும் பத்துக் குற்றங்களைச் சொல்லியிருக்கிறது. இங்கே “நூல்” என்பது கதையையோ காவியத்தையோ குறிப்பதில்லை. ஒரு துறையை முறையாகக் கற்பிக்கும் ஆக்கத்தைக் குறிக்கிறது. இன்றைய பேச்சில் சொன்னால், தொழில்நுட்ப நூல்.

மேலே பார்த்த தீப வாக்கியத்தில், நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறலும் குன்றக் கூறலும் ஒருசேர இருந்தன. ஆரம்பத்தில் விறுவிறுப்பாகத் தொடங்கிப் போகப் போகச் சத்து இழக்கும் அறிக்கைகளுக்குச் சென்று தேய்ந்து இறுதல் என்ற பெயர் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். மோட்டார் பற்றிய தாளில் நிறுவனத்தின் பெருமை இரண்டு பக்கம் ஓடினால் அது மற்றொன்று விரித்தல். பத்திலும் கவனிக்க வேண்டியது வரிசை. குற்றங்களில் முதலில் நிற்பது குன்றக் கூறல், அதாவது தேவையானதைச் சொல்லாமல் விடுவது. மிகை இரண்டாவதுதான். அழகுகளிலோ சுருங்கச் சொல்லல் முதலில் வருகிறது, அதன் தோளை ஒட்டி விளங்க வைத்தல் வருகிறது. சுருக்கு, ஆனால் விளக்கத்தை விலையாகக் கொடுத்துச் சுருக்காதே என்பதற்கு இதைவிடத் தெளிவான அடுக்கு வேண்டுமா?

ஆனால் நன்னூலைப் பார்த்து எழுதக் கற்க நினைப்பவர் ஒன்றை மறக்கக் கூடாது. அது சூத்திரங்களால் ஆனது. மாணவர் மனப்பாடம் செய்யவும், எதிரே அமர்ந்த ஆசிரியர் விரித்துச் சொல்லவும் செய்யப்பட்ட சுருக்கம் அது. அதனால்தான் மயிலைநாதர், சங்கர நமச்சிவாயர், ஆறுமுக நாவலர் என்று உரைகாரர்கள் தொடர்ந்து தேவைப்பட்டார்கள். மருந்து லேபிளுக்கு உரைகாரர் கிடையாது. மோட்டாரை இரவு இரண்டு மணிக்குத் திறந்து வைத்துக்கொண்டு தாளைப் பார்ப்பவர் பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்திருக்க மாட்டார். உரைநடையின் சுருக்கம் தன் உரையையும் தானே சுமக்க வேண்டும்.

இந்த இரண்டு வகைச் சுருக்கத்தையும் ஒரே ஆளிடம் பார்க்கத் திருவண்ணாமலை இடம் தருகிறது. ரமண மகரிஷியின் உபதேச உந்தியார் முப்பது செய்யுள். உள்ளது நாற்பது, பெயரே சொல்வதுபோல், நாற்பது. இரண்டும் சூத்திரம் போல இறுகியவை, விளக்கவுரை இல்லாமல் பலருக்குப் பிடிபடாதவை. அவருடைய “நான் யார்?” உரைநடை. ஆன்மிக நூலைத் தொழில்நுட்ப எழுத்தோடு சேர்க்கலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் அது ஒரு முறையை, அதைச் செய்து பார்க்கப்போகிறவருக்காக, படிப்படியாகச் சொல்லும் எழுத்து. அந்த அளவில் அது செய்முறை நூல்தான்.

அது உருவான கதையும் திருத்தக் கலைக்கு நல்ல பாடம். 1901-02 வாக்கில், தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த் துறையில் வேலை பார்த்த எம். சிவப்பிரகாசம் பிள்ளை மலையில் ரமணரைச் சந்தித்துக் கேள்விகள் கேட்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை. பதில்களை எழுதிக் காட்டினார், சில நேரம் மணலில், சில நேரம் பலகையில். விரலால் மணலில் எழுதுபவர் “என்பது குறிப்பிடத்தக்கதாகும்” என்று முடிப்பாரா? அந்தப் பதில்கள் 1923இல் நூலாக வந்தன. பின்னர் ரமணரே கேள்வி பதில் வடிவத்தைக் கலைத்துக் கட்டுரையாகத் திருத்தி எழுதினார்.

ஒரு செய்தியை அடியார்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நான் யார் என்ற முதல் கேள்விக்கு ரமணர் தந்த பதில் மிகச் சிறியது. உடல் நான் அல்ல, புலன்கள் நான் அல்ல, பிராணன் நான் அல்ல என்று நீளும் பட்டியலைச் சிவப்பிரகாசம் பிள்ளைதான், தெளிவு கருதி, இடையில் சேர்த்தார். அச்சுக்குப் போகும் முன் அதைக் கண்ட ரமணர் பட்டியலை நீக்கவில்லை. மூலமாகத் தான் சொன்ன சொற்களைத் தடித்த எழுத்தில் அச்சிடச் செய்தார். கறாரான பதிப்பாசிரியர் பட்டியலை வெட்டியிருப்பார். இந்தத் தீர்வு அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. புதியவருக்குப் பட்டியல் உதவும், விஷயம் தெரிந்தவர் தடித்த எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு நகரலாம். கையேடு எழுதுபவர்கள் இன்றும் தயங்காமல் எடுத்துக்கொள்ளக்கூடிய வழி.

கட்டுரை வடிவத்தின் தொடக்கம் இன்னொரு விதத்தில் சுவையானது. சிறு வாக்கியமே நல்ல வாக்கியம் என்று அடித்துச் சொல்பவர்களை அது சற்று நிறுத்தி யோசிக்க வைக்கும். முதல் வாக்கியம் நீளமானது. மூன்று காரணங்களை அடுக்கி, பிறகு முடிவைச் சொல்கிறது. மூன்றும் “ஆலும்” என்ற ஒரே ஈற்றில் முடிவதால் படிப்பவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டே இருக்கிறது: இது ஒரு காரணம், இது இன்னொன்று, இதோ முடிவு. அடுத்த வாக்கியம் சின்னஞ்சிறியது. முடிவை அடையும் வழியை மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது. நீளத்தைத் தாங்குவது ஒத்த ஈறுகள். ஒரு காரணம் “ஆல்” என்றும் அடுத்தது “காரணமாக” என்றும் மூன்றாவது “தொடர்ந்து” என்றும் வந்திருந்தால் அதே நீளம் சுமையாகியிருக்கும்.

கல்வெட்டுக்காரர்களும் இந்த உத்தியை அறிந்திருந்தார்கள். அருணாசலேஸ்வரர் கோயிலின் கல்வெட்டுகளைப் பி.ஆர். சீனிவாசன் தொகுக்க, பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990இல் வெளியிட்டது. தமிழ்க் கல்வெட்டில் பெரும்பாலும் முற்றுப்புள்ளி கிடையாது, பத்தி பிரிப்பதில்லை, வாக்கியம் சுவர் நீளத்துக்கும் ஓடும். ஆனாலும் நிலத்தைத் தேடுபவர் தடுமாற மாட்டார். கிழக்கெல்லை, தெற்கெல்லை, மேற்கெல்லை, வடக்கெல்லை என்று வழக்கமான சுற்றில் எல்லை வரும், ஒவ்வொன்றும் ஒரே அச்சில் வார்த்த தொடராக இருக்கும், நான்கையும் ஒரு சொல் திரட்டிக் கட்டும். அரசனின் மெய்க்கீர்த்தி எத்தனை அலங்காரமாக இருந்தாலும் எல்லை சொல்லும் பகுதியில் அலங்காரம் நுழைவதில்லை. எங்கே அழகு, எங்கே கணக்கு என்ற பிரிவு அவர்களுக்குத் தெளிவாக இருந்தது. (இன்றைய வரவுசெலவு உரைகளுக்குச் செய்யுள் தேடுபவர்கள் யோசிக்கலாம்.)

வாக்கிய நீளத்துக்கு எண் வைப்பது பயன்படுமா? விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான எளிய தொழில்நுட்ப ஆங்கில விதிகள் செய்முறை வாக்கியத்துக்கு 20 சொல், விளக்க வாக்கியத்துக்கு 25 சொல் என்று வரம்பு வைக்கின்றன. அந்த எண்ணை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் ஏமாற்றமே மிஞ்சும். “நிறுத்தவேண்டியிருந்ததால்” என்பது தமிழில் ஒரே சொல்லாக நிற்கும். 20 தமிழ்ச் சொல்லுக்குள் மூன்று கட்டளையும் இரண்டு நிபந்தனையும் ஒளிந்துகொள்ளலாம். தமிழில் சொல்லை எண்ணுவதைவிட வினையை எண்ணுவது மேல். செய்து, செய்த, செய்தால், செய்ததால் எல்லாம் கணக்கில் சேர வேண்டும். செய்முறை வாக்கியத்தில் முற்றுவினைக்கு முன் இரண்டுக்கு மேல் எச்சம் வந்தால் பிரித்துவிடுவது நல்லது. இது சட்டமல்ல, கையில் வைத்துக்கொள்ள ஓர் அளவுகோல்.

எச்சங்களும் அடைகளும் செய்யும் இன்னொரு குழப்பம் எதைத் தழுவுகின்றன என்பது. “பழுதடைந்த மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றவும்.” பழுதடைந்தது மோட்டாரா, பெட்டியா? எழுதியவருக்குச் சந்தேகம் வந்திருக்காது, அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே எழுதியவர். படிப்பவர் மோட்டாரையே தூக்கிக்கொண்டு கடைக்குப் போகலாம். “மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாகியிருந்தால் பெட்டியை மட்டும் மாற்றவும்” என்றால் வழக்கு முடிந்தது. இரண்டு சொல் கூடினாலும் இதுதான் சிக்கனம். கடைசியில் “அதை” என்று சுட்டாமல் “பெட்டியை” என்று திரும்பச் சொன்னதையும் கவனிக்கலாம். கூறியது கூறல் குற்றம்தான். ஆனால் பொருளைத் திரும்பச் சொல்வதற்குத்தான் அந்தப் பெயர், பெயரைத் திரும்பச் சொல்வதற்கு அல்ல. கதையில் ஒரே சொல் திரும்ப வந்தால் சலிப்பு. கையேட்டில் பெட்டி ஒரு பக்கத்தில் பெட்டியாகவும் அடுத்த பக்கத்தில் பேழையாகவும் அதற்கடுத்து பேனலாகவும் வந்தால், படிப்பவர் மூன்று பொருள்களைத் தேடுவார்.

வழி சொல்லும் வாக்கியத்துக்கு வரிசைதான் உயிர். “செங்கம் சாலையிலிருந்து வலப்பக்கம் பிரியும் பாதையில் திரும்புவதற்கு முன் ரமணாசிரமத்தையும் எமலிங்கத்தையும் கடக்க வேண்டும்” என்று எழுதினால், கடைசியில் செய்ய வேண்டிய திருப்பம் முதலில் வந்துவிடுகிறது. கால் எந்த வரிசையில் போகிறதோ அந்த வரிசையில் எழுத வேண்டும்: “செங்கம் சாலையில் நடக்கவும். ரமணாசிரமத்தையும் அடுத்து எமலிங்கத்தையும் கடந்த பிறகு, பாதை பிரியும் இடத்தில் வலப்பக்கம் திரும்பவும்.” கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர், இந்திரலிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். ஒவ்வொரு திருப்பத்தையும் எழுதினால் பக்கம் நிரம்பும். ஆனால் ஒரு வரி போதும்: மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். படிப்பவர் எந்த இடத்தில் நின்றாலும் தானே சரிபார்த்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டால் மற்ற பத்து வாக்கியங்களைத் தயங்காமல் எடுத்துவிடலாம்.

அளவுகளுக்கு வருவோம். சோழர் காலக் கோயில்களில் நந்தா விளக்கு எரிக்க ஆடு கொடுப்பார்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு, சில இடங்களில் 90. ஆட்டைப் பெற்றுக்கொள்ளும் இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தது, கிழடானது என்று கணக்குக் குறையக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. யார், எதைப் பெற்று, எதை, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எதுவரை என்ற அனைத்தும் ஒரே வாக்கியத்தில் இருக்கும். பல கல்வெட்டுகள் எந்தப் படியால் அளப்பது என்று அளவுக் கருவியின் பெயரையும் சொல்லிவிடும். அளப்பவர் கையில் எது இருக்கிறதோ அதில் அளவைச் சொல்வது பழைய வழக்கம்.

இன்றைய பூச்சிமருந்துத் தாளில் ஒரு ஹெக்டேருக்கு இத்தனை கிராம் என்று அச்சாகியிருக்கும். கீழ்ப்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை போட்டவருக்கு நிலம் ஏக்கர், சென்ட், தண்ணீர் டேங்க். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர் என்ற கணக்கை வரப்பில் நின்று போட வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளுவது எழுதியவரின் சோம்பல். “ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி, ஓர் ஏக்கருக்கு எத்தனை டேங்க்” என்ற இரண்டு எண் போதும். ஹெக்டேர்க் கணக்கு கீழே சிறிய எழுத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

அளவும் வரிசையும் ஒருசேரக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதை வெள்ள அறிவிப்பில் பார்க்கலாம். தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 119 அடி. ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2024 டிசம்பர் 2 அதிகாலையில், விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறக்க நேர்ந்தது. பொதுவாக இத்தகைய அறிவிப்புகள் எந்த நடையில் அமைகின்றன என்பதற்கு ஒரு மாதிரி:

“அணைக்கு நீர்வரத்து அதிகரித்துள்ளதைத் தொடர்ந்து உபரிநீர் வெளியேற்றும் நடவடிக்கை மேற்கொள்ளப்படவுள்ளதால் ஆற்றின் கரையோரத் தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

செய்ய வேண்டிய காரியம் வாக்கியத்தின் கடைசி மூலையில் கிடக்கிறது. தாழ்வான பகுதி எது? தன் தெரு தாழ்வு என்று யாரும் தானாக முடிவு செய்துகொள்வதில்லை. பாதுகாப்பான இடம் எது? எத்தனை மணிக்குள்? கன அடி என்ற எண் பொறியாளருக்குப் பேசும். கரையில் மாடு கட்டியிருப்பவருக்கு ஆறு எந்த மேட்டைத் தொடும் என்பதுதான் அளவு. திருப்பிப் போட்டால் இப்படி அமையும்: “இப்போதே வீட்டை விட்டு வெளியேறவும். மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்துக்குப் போகவும். இரவு 12 மணிக்குள் ஆற்றுத் தண்ணீர் இந்தத் தெருவுக்குள் வரும். சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டார்கள்.”

இத்தகைய அறிவிப்பை எழுதும் பொறுப்பு யார் கைக்கு வந்தாலும், தெருவின் பெயரையும் மணியையும் முதல் வரிகளில் எழுதிவிட்டு, அணையின் அடிக் கணக்கைக் கடைசி வரிக்குத் தள்ளட்டும்.